பாட்டிக்கு ஏன் நாலு கை?

போன தீபாவளிக்கு நியூஜெர்சியிலிருந்து அக்கா ஒரு ஃபைல் அனுப்பியிருந்தாள். 1996-ல் கும்பகோணத்தில் நடந்த அவளுடைய கல்யாண வீடியோ. பரணில் கிடந்த பழைய கேசட்டைத் தேடி எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி அனுப்பியிருக்கிறாள். டோம்பிவிலியில் எங்கள் வீட்டு ஹாலில், முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம்.

பந்தி நடக்கிற இடத்தில் அம்மா வருகிறாள். கையில் நெய்க் கிண்ணம். வீடியோக்காரர் கேமராவை அவள் பக்கம் திருப்பியதும் வெட்கம் வந்துவிட்டது. "என்னை எதுக்குங்க எடுக்கறீங்க, அந்தப் பக்கம் எடுங்க" என்று இன்னொரு கையை வீசி அவரை விரட்டுகிறாள். மொத்தம் நாலைந்து விநாடி இருக்கும். அம்மா வாய் திறந்து பேசுவது அந்த வீடியோவில் அந்த ஒரே இடத்தில்தான்.

அம்மா 2011-ல் போய்விட்டாள். என் மகளுக்கு ஒன்பது வயது. பாட்டியை அவள் பார்த்ததே இல்லை. திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டிக்கு ஏன்ப்பா நாலு கை?"

"எல்லா அம்மாவுக்கும் நாலு கை வேணும்டி, உனக்கு இப்போ புரியாது" என்று தங்கமணி சொல்லிச் சமாளித்துவிட்டாள். ஆனால் குழந்தை கேட்டது சரிதான். அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால், வீசுகிற கை ஒன்று தெளிவாகவும் பக்கத்திலேயே அதன் நிழல் போல இன்னொன்று மங்கலாகவும் தெரிகிறது. கிண்ணம் பிடித்த கைக்கும் அப்படியே.

இந்த உபரிக் கைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டு போனேன். நான் பி.காம் படித்த வங்கிக்காரன். எலக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் ஃபியூஸ் போடுகிற அளவுக்குத்தான் பழக்கம். அதனால் எனக்குப் புரிந்தபடி, பேரேடு எழுதுகிற பாணியிலேயே சொல்கிறேன்.

கதை கரண்டில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாகப் போய் வரும். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 50 முறை. தொலைக்காட்சியை உருவாக்கியவர்களுக்கு இது பெரிய தலைவலி. அந்தக் காலத்துப் பெட்டிகளில் மின்சாரத்தின் உறுமல் படத்திலும் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். படம் வரையும் வேகமும் கரண்டின் வேகமும் ஒன்றாக இருந்தால் அந்தப் பட்டை ஒரே இடத்தில் நிற்கும், கண்ணை உறுத்தாது. வேறாக இருந்தால் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். எனவே எந்த ஊரில் என்ன கரண்டோ அந்த வேகத்தில் படம் வரை என்று முடிவு செய்தார்கள்.

அமெரிக்காவில் இதற்காக அமைத்த குழுவின் பெயர் நேஷனல் டெலிவிஷன் சிஸ்டம் கமிட்டி. சுருக்கமாக என்.டி.எஸ்.சி. அவர்கள் தீர்மானித்த தரம் 1941-ல் அமலுக்கு வந்தது. ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள், விநாடிக்கு 30 படங்கள். ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று இரண்டு அரைப்படமாகப் பிரித்து வரைவார்கள். ஆக, விநாடிக்கு 60 அரைப்படம். ஐரோப்பாவில் பிற்பாடு நிலைத்த கணக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள், 50 அரைப்படம்.

இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன் (வங்கிக்காரன் புத்தி). 525-ஐ 30-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 15,750 கோடுகள். 625-ஐ 25-ஆல் பெருக்கினால் 15,625. ஏறக்குறைய ஒரே தொகை! ஒருவர் அதைச் சின்னச் சின்னத் தவணைகளாகவும் இன்னொருவர் கொஞ்சம் பெரிய தவணைகளாகவும் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்கப் படத்தில் அசைவு வழுவழுப்பாக இருக்கும். நம் படத்தில் விவரம் கூடுதலாக இருக்கும்.

இதுவரை கறுப்பு வெள்ளை. சண்டை வந்தது கலரில்.

அமெரிக்கர்கள் 1953 டிசம்பரில் கலருக்கான தரத்தை ஏற்றார்கள். ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் ஓட வேண்டும், புதுப் பெட்டியில் கலரும் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகக் கலர்ச் செய்தியைப் பழைய அலைக்குள்ளேயே ஓரமாகச் செருகினார்கள். அது ஒலி அலையோடு மோதாமல் இருக்க, 30 படம் என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு போலக் குறைத்து 29.97 ஆக்கினார்கள். இப்போது உங்கள் வீடியோ மென்பொருளில் 29.97 என்று ஒரு விசித்திரமான எண் வருகிறதே, அதன் பூர்வீகம் இதுதான்.

அந்த முறையில் ஒரு குறை இருந்தது. அலை வருகிற வழியில் கொஞ்சம் பிசகினாலும் நிறம் மாறிவிடும். மனிதர்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிவார்கள். அதனால்தான் அமெரிக்க டிவிகளில் நிறத்தைச் சரிசெய்ய 'டின்ட்' என்று தனியாக ஒரு குமிழ் இருந்தது. 'ஒரே நிறம் இரண்டு தடவை வராது' என்று பொருள் வரும்படி என்.டி.எஸ்.சி என்ற எழுத்துகளுக்கு இன்ஜினியர்களே கேலியாக ஒரு விரிவு வைத்திருந்தார்கள்.

இந்தக் குறையை ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியின் வால்ட்டர் புரூக் என்ற இன்ஜினியர் சரிசெய்தார். ஒரு கோட்டுக்கு ஒரு கோடு நிற அலையைத் தலைகீழாக்கி அனுப்பினால், முதல் கோட்டில் பச்சைப் பக்கம் சாய்ந்த பிழை அடுத்த கோட்டில் எதிர்ப்பக்கம் சாயும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பிழை நேராகிவிடும். எங்கள் பாஷையில் சொன்னால், பற்றும் வரவும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1963 ஜனவரியில் அவர் இதைச் செய்து காட்டினார். பெயர் பால் (நாம் குடிக்கிற பால் இல்லை, பி.ஏ.எல்). ஏன் உங்கள் பெயரையே வைக்கவில்லை என்று கேட்டதற்கு, 'புரூக்' என்றால் ஜெர்மன் மொழியில் உடைசல் என்றும் பொருள், உடைசல் முறையை யார் வாங்குவார்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

பிரான்சில் ஹென்றி தெ ஃபிரான்ஸ் என்பவர் 1956-லேயே வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெயர் சீகாம். இரண்டு நிறச் செய்திகளையும் ஒன்றாக அனுப்பாமல், ஒரு கோட்டில் ஒன்று, அடுத்த கோட்டில் மற்றொன்று என்று மாற்றி மாற்றி அனுப்புவது. பெட்டி முதல் கோட்டை நினைவில் வைத்திருந்து சேர்த்துக்கொள்ளும்.

ஐரோப்பா முழுவதுக்கும் ஒரே முறை வேண்டும் என்று 1965-ல் வியன்னாவிலும் 1966-ல் ஆஸ்லோவிலும் கூடிப் பேசினார்கள். இரண்டு இடத்திலும் முடிவு வரவில்லை. பிரான்சுக்குத் தன் நாட்டுத் தொழிலைக் காப்பாற்ற வேண்டும். வியன்னா கூட்டத்துக்கு முன்பாகவே சோவியத் யூனியனோடு சீகாமுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பால்தான் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போனார்கள். 1967-ல் பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், சோவியத் யூனியன் எல்லாம் அவரவர் முறையில் கலரைத் தொடங்கின. மேற்கு ஜெர்மனியில் ஆகஸ்ட் 25-ல் பெர்லின் கண்காட்சி மேடையில் வில்லி பிராண்ட் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கித் தொடங்கி வைத்தார். அவர் கை பொத்தானில் படுவதற்குள் கலர் வந்துவிட்டது. பொத்தான் வெறும் டம்மி!

இதில் பாதிக்கப்பட்டது யார் என்று பார்த்தால் அங்கேயும் குடும்பங்கள்தான். கிழக்கு ஜெர்மனி 1969-ல் சீகாமில் கலரைத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மேற்கு ஜெர்மனி பால். கிழக்கே வாங்கிய கலர் டிவியில், கூடுதல் கருவி பொருத்தாவிட்டால், மேற்கத்திய நிகழ்ச்சி கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். இரண்டு நாடும் இணைந்த பிறகு, 1990-ல்தான் கிழக்கும் பாலுக்கு மாறியது.

நம் கதைக்கு வருவோம். டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ல் சோதனை ஒளிபரப்பு. பம்பாய்க்கு 1972-ல் வந்தது. சென்னைக்கு 1975-ல். எல்லாமே 625 கோடு, 50 அரைப்படம், கறுப்பு வெள்ளை. 1982 ஆகஸ்ட் 15-ல் கலர் வந்தபோது, அந்தக் கணக்கோடு பொருந்திய பால் முறையையே தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டது. அந்த நவம்பரில் டெல்லியில் ஏஷியாட். கலர் டிவி வைத்திருந்த வீட்டில் தெருவே கூடியது. அதே வருடம் பிப்ரவரியில் இலங்கையில் தொடங்கிய ரூபவாஹினியும் பால்தான். மலேசியா, சிங்கப்பூர், துபாய், குவைத் எல்லாம் பால். அதனால் துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டெக் நம் வீட்டில் ஒழுங்காக ஓடியது. ஆனால் அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. பிரான்ஸ் சீகாம்.

கேசட்டின் கதை இன்னும் வேடிக்கை. ஜே.வி.சி கம்பெனி 1976-ல் ஜப்பானில் வி.எச்.எஸ் டெக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க ஒரே அளவு டப்பா, உள்ளே ஒரே அரை அங்குல நாடா. அமெரிக்க கேசட் நம் டெக்கில் அழகாக உள்ளே போகும். ஆனால் உள்ளே பதிந்திருக்கும் விஷயம் வேறு. நம் முறையில் நாடா விநாடிக்கு 2.34 செ.மீ. நகரும், அவர்கள் முறையில் 3.34 செ.மீ. நம் ஊரில் மூன்று மணி நேரம் ஓடும் கேசட்டில் அவர்கள் முறையில் பதிந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும்.

அக்கா கல்யாணம் முடிந்து நியூஜெர்சி போன பிறகு, ஊருக்கு வந்திருந்த தெரிந்தவர் ஒருவர் கையில் அப்பா ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். அக்கா, அத்தான், அத்தானின் நண்பர்கள், சமோசா, காபி என்று ஏற்பாடாக உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருள்கிறது. நாதஸ்வரம் யாரோ துரத்துகிற மாதிரி ஓடுகிறது. அக்கா அன்று ராத்திரி போன் செய்து அழுதாள். (அப்போது எஸ்.டி.டி பூத்தில் எண் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் நமக்கும் அழுகை வரும். நல்ல வேளை, அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.) "வீடியோக்காரன் ஏமாத்திட்டான்" என்று அப்பா குதித்தார். அவர் மேல் தப்பே இல்லை. 1941-ன் தப்பு, 1966-ன் தப்பு.

அப்படியானால் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித்தான் மாற்றினார்கள்? ஆரம்பத்தில் செய்த வழி கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு டிவியில் படத்தை ஓடவிட்டு, அதன் முன்னால் இன்னொரு முறையில் வேலை செய்யும் கேமராவை வைத்துப் படம் பிடிப்பது! 1952-ல் பாரிஸிலிருந்து பிரிட்டனுக்கு நிகழ்ச்சிகள் போனது இப்படித்தான். பிரான்சில் அப்போது 819 கோடு, பிரிட்டனில் 405.

இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1969 ஜூலையில் நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்ததை உலகமே பார்த்தது. நிலவிலிருந்து வந்த படம் வெறும் 320 கோடு, விநாடிக்கு 10 படம். அதை அப்படியே எந்த டிவியிலும் காட்ட முடியாது. எனவே ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்த நிலையங்களில், அந்தப் படத்தை ஒரு திரையில் காட்டி, அதன் முன் கேமரா வைத்து எடுத்துத்தான் அமெரிக்க முறைக்கு மாற்றினார்கள். உலகம் பார்த்தது அந்த நகலைத்தான். நிலையத்துத் திரையில் தெரிந்த அசல் இன்னும் தெளிவாக இருந்தது.

பிறகு எலக்ட்ரானிக் முறைகள் வந்தன. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்ஸை ஐரோப்பாவுக்குக் கலரில் கொண்டுவர பி.பி.சி இன்ஜினியர்கள் ஒரு மாற்றி செய்தார்கள். 1972-ல் பிரிட்டனின் ஐ.பி.ஏ முழுக்க டிஜிட்டலில் 'டைஸ்' என்ற ஒன்றைச் செய்தது. எல்லாம் பீரோ பீரோவாக அடுக்கி வைக்கும் சமாச்சாரம், ஒளிபரப்பு நிலையங்கள் மட்டும் வாங்கக்கூடியவை. மெமரி சிப் விலை இறங்கிய பிறகு, 1990-களில்தான் டெக்கின் உள்ளேயே மாற்றி வைத்து விற்றார்கள். பானசோனிக் ஏஜி-டபிள்யூ1, சாம்சங் எஸ்.வி-5000டபிள்யூ எல்லாம் அந்த ரகம்.

இங்கே பலர் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. 'மல்டி சிஸ்டம்' டெக் என்று பர்மா பஜாரிலும் லாமிங்டன் ரோட்டிலும் விற்றவற்றில் பல, எந்த நாட்டு கேசட்டையும் ஓட்டும், ஆனால் மாற்றித் தராது. அந்தந்த முறையிலேயே வெளியே விடும். டிவியும் மல்டி சிஸ்டமாக இருந்தால்தான் படம் சரியாகத் தெரியும். ஓட்டுவது வேறு, மாற்றுவது வேறு. டாலர் நோட்டைக் கையில் வாங்கிக்கொள்வதற்கும் அதை ரூபாயாக மாற்றித் தருவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

1997-ல் அப்பா ஒரிஜினல் கேசட்டை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போனார். ஒரு கடையில் மாற்றித் தருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு நல்ல பட்டுப்புடவை வாங்குகிற அளவுக்குப் பணம் ஆனது. மூன்று மணி நேரக் கல்யாணம் இரண்டு கேசட்டாகத் திரும்பி வந்தது. முகூர்த்தம் ஒன்றில், பந்தி இன்னொன்றில். நாடா வேகம்தான் காரணம் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அப்பா, "மாத்தினா இரண்டாப் பெருகுதுடா" என்று சந்தோஷப்பட்டார்.

பெருகவில்லை. குறைந்துதான் போனது. கணக்கைப் பாருங்கள். 625 கோடுகளில் கண்ணுக்குத் தெரிகிற படம் 576 கோடு. 525-ல் தெரிவது 480. அதாவது ஆறு கோடு இருந்த இடத்தில் ஐந்து. ஒரு கோடு போச்சு. மறுபக்கம், விநாடிக்கு 50 அரைப்படத்தை 60 ஆக்க வேண்டும். ஐந்து இருந்த இடத்தில் ஆறு வேண்டும். இல்லாத அந்த ஆறாவது படத்துக்கு எங்கே போவது? சாதாரண மாற்றி பழைய படம் ஒன்றையே இரண்டு தடவை காட்டும். அப்போது அசைவு தட்டித் தட்டிப் போகும். கொஞ்சம் நல்ல மாற்றி, முன்னால் உள்ள படத்தையும் பின்னால் உள்ளதையும் கலந்து நடுவில் ஒன்றை உண்டாக்கும். அசையாமல் இருக்கிற தூணுக்கும் சுவருக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. அசைகிற கைக்கு? முன்னால் இருந்த இடத்தில் ஒரு கை, பின்னால் வந்த இடத்தில் ஒரு கை. இரண்டும் பாதிப் பாதியாக ஒரே படத்தில்.

பாட்டியின் நாலு கை இதுதான். கேமராவில் பதியாத ஒரு நொடித்துண்டை இயந்திரம் ஊகித்து எழுதிய கற்பனைப் பதிவு. அம்மா கையை எத்தனை வேகமாக வீசினாளோ அத்தனை தூரம் இரண்டு கைகளும் விலகித் தெரிகின்றன.

சரி, ஒரிஜினலைத் தேடி எடுத்து மறுபடி பதிந்தால் போயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாளாக நான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

1999 ஜூன் 8. மான்செஸ்டரில் உலகக் கோப்பை, இந்தியா பாகிஸ்தான். எனக்குக் கல்லூரிப் பருவம். மேட்சைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று வெறி. வீட்டில் காலி கேசட் இல்லை. கல்யாண கேசட்டின் பின்பக்கம், தவறிப்போய் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று சின்ன பிளாஸ்டிக் நாக்கை வீடியோக்காரர் உடைத்துத்தான் கொடுத்திருந்தார். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஒட்டினேன். 'அக்காவிடம்தான் இரண்டு கேசட் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு' என்பது என் வாதம். இந்தியா 47 ரன்னில் ஜெயித்தது. நாங்கள் தெருவில் வெடி போட்டோம்.

அம்மா போன பிறகு வீடியோக்காரரிடம் போய்க் கேட்டேன். அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம், மாஸ்டர் கேசட்டை அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிடுவோம் என்றார். அக்காவுக்கு முதலில் அனுப்பி ஓடாமல் போன கேசட் ஒன்று இருந்ததே என்று போனில் கேட்டேன். "அது ஓடவே இல்லைடா தம்பி. வீடு மாத்தும்போது குப்பையில போட்டுட்டேன்" என்றாள்.

ஓடாத அந்த கேசட்தான் மீதமிருந்த நல்ல பிரதி. ஆறு கோடும் இருந்தது, அம்மாவுக்கு இரண்டு கை மட்டும் இருந்தது. அவள் வீட்டு டெக்குக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. எங்களுக்கும் அது தெரியவில்லை. ஆளுக்கொன்றாக அழித்தோம்.

நிலவிலிருந்து வந்த அந்த அசல் படம் பதிந்திருந்த நாடாக்கள் என்ன ஆயின தெரியுமா? நாடா தட்டுப்பாட்டில் அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009-ல் நாசாவே சொன்னது. நமக்கு மிஞ்சியது மாற்றப்பட்ட நகல்தான். நாசாவும் நானும் ஒரே தப்பைச் செய்தோம் என்பதில் எனக்கு ஒரு அல்ப ஆறுதல்.

எங்கள் வீட்டுக் கதை இது. இதைவிடக் கனமான கதை 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து சிதறிய தமிழ்க் குடும்பங்களுடையது. ஒரு பிள்ளை லண்டனில், அங்கே பால். ஒருத்தி பாரிஸில், அங்கே சீகாம். இன்னொருவன் டொரோண்டோவில், அங்கே என்.டி.எஸ்.சி. அம்மா யாழ்ப்பாணத்தில் அல்லது சென்னையில், மறுபடி பால். அகதி வழக்கு முடியாமல், விசா கிடைக்காமல், தங்கை கல்யாணத்துக்கோ அப்பாவின் காரியத்துக்கோ போக முடியாதவர்களுக்குப் பதிலாகப் பயணம் செய்தது கேசட்தான். மனிதருக்கு எல்லையில் என்ன நடந்ததோ அதுவே கேசட்டுக்கும் நடந்தது. மாற்றிக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள்.

இப்போது அந்த எல்லைகள் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் 2009-லும் பிரான்சில் 2011-லும் பிரிட்டனில் 2012-லும் பழைய ஒளிபரப்பு நின்றது. ஜப்பானில் 2012-க்குள் முழுதாக முடிந்தது. நம் கையில் உள்ள போன் எந்த நாட்டு வீடியோவையும் ஓட்டும். ஆனாலும் 50, 60 சண்டை முழுதாகச் சாகவில்லை. கல்யாண மண்டபத்தில் போனில் எடுத்த வீடியோவில் சில விளக்குகளுக்குக் கீழே கறுப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். போன் 30 படம் எடுக்கிறது, விளக்கு 50 கணக்கில் துடிக்கிறது. 1941-ல் பார்த்த அதே பட்டைதான்.

நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற குடும்பங்களில், பழைய கேசட் ஒன்றிரண்டு எங்காவது கிடக்கும். உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஓடும் டெக் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், மிகப் பழைய பிரதியைத் தேடுங்கள். அமெரிக்கா போய் வந்த பிரதியைவிட, ஊரிலேயே கிடக்கும் முதல் கேசட் நல்லது. 'இது ஓடாது' என்று யாராவது சொன்னால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். எந்த நாட்டு முறை என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

இரண்டாவது, எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில் கம்ப்யூட்டருக்கு ஏற்றச் சொல்லுங்கள். பால் என்றால் 576 கோடு, விநாடிக்கு 25 படம். என்.டி.எஸ்.சி என்றால் 480 கோடு, 29.97 படம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காக மாற்றித் தரவா என்று கடையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்றைக்கு அதற்குத் தேவையே இல்லை. ஏற்கெனவே மாற்றப்பட்ட பிரதியை 'திரும்பப் பாலுக்கு மாற்றுகிறேன்' என்றும் கிளம்பாதீர்கள். ரூபாயை டாலராக்கி, அந்த டாலரை மறுபடி ரூபாயாக்கினால் முதல் போட்ட ரூபாய் திரும்ப வராது. இரண்டு தடவை கமிஷன்தான் போகும்.

மூன்றாவது, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். பம்பாய் மழையிலும் சென்னைப் புழுக்கத்திலும் இது சகஜம். அப்படியே போட்டால் டெக்கும் கெடும், அடுத்து போடும் கேசட்டும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபைலாக மாற்றிய பிறகு ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

செல்லோ டேப் விஷயத்தை அக்காவிடம் போன மாதம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "நானும்தானே ஒண்ணைக் குப்பையில போட்டேன்" என்றாள். "அந்த இடத்தை இன்னொரு தடவை போடு, நானும் இங்கே போடறேன்" என்றாள். அவள் அங்கே, நான் இங்கே, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ஒரே சமயத்தில் ஓடவிட்டோம்.

அம்மா நெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நாலு கையாலும் எங்களை விரட்டினாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. ஒலிக்குக் கோடும் இல்லை, படக் கணக்கும் இல்லை. மாற்றும்போது அதை யாரும் தொடவில்லை.